ஓரகத்தி வராத புயல்நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் வரி ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். அதோடு மறதி வேறு. நேற்று நடந்ததைப் போன வருஷம் மாதிரியும் போன வருஷம் நடந்ததை நேற்று மாதிரியும் சொல்கிறேன் என்று மருமகள் சிரிக்கிறாள். அதனால் முன்னே பின்னே இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் புயல் விஷயத்தை மட்டும் நான் மறக்கவில்லை. வயிற்றெரிச்சல் லேசில் மறக்காது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் மனைவிதான் என் ஓரகத்தி. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், பாதி ஆயுசைக் கழித்தோம். சண்டை இல்லாமல் இருந்தோம் என்று சொன்னால் பொய். சண்டை போடுவதற்கும் எனக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். வெளியாளிடம் எனக்கு வாய் திறக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரை ஜன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டுமென்றால்கூட அவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். என் மகன் ஒத்தக்கடையில் வீடு கட்டி என்னைக் கூட்டிவந்துவிட்டான். அவள் மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பெண்டாட்டியோடு அங்கேயே இருக்கிறான். அவள் மட்டும் அதே ஓட்டு வீட்டில், நாலு கோழியோடு இருக்கிறாள். போனில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். போனிலும் எனக்குப் பேச்சு வராது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது அவள்தான் என் போனை வாங்கி அந்தத் தோட்ட விளையாட்டை ஏற்றித் தந்தாள். அதில் நமக்கென்று ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, ஒரு சோடி மாடு. கத்தரி, மிளகாய், சோளம், எது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நம் செடிக்கு நாமே தண்ணீர் விட முடியாது. கூட்டாளி என்று ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் செடிக்கு அவர் தண்ணீர் விடுவார், அவர் செடிக்கு நாம் விட வேண்டும். யார் யோசித்துச் செய்தார்களோ, நல்ல மனுஷராக இருக்க வேண்டும். எழுதிப் பேசவும் அதில் வழி கிடையாது. பூ, கைதட்டு, அழுகிற முகம், சிரிக்கிற முகம் என்று சில படங்கள் மட்டும் உண்டு. காலையில் எழுந்ததும் அவள் என் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஒரு பூ அனுப்புவாள். நான் அவள் சோளத்தை நனைத்துவிட்டுக் கைதட்டு அனுப்புவேன். என் செடி வாடிக் கிடந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு மட்டும் நானாகப் போன் போடுவேன். பேசத் தெரியாத எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்ன, என் பொழுதே அதுதான்.

இந்த இடத்தில் பசுமலைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் ஓரகத்தியின் சம்பந்தியம்மா, அவள் மகனுக்குப் பெண் கொடுத்தவர். டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பசுமலையில் மாடி வீடு. அவரிடம் குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் குறை. எந்நேரம் பார்த்தாலும் சேலை மடிப்பு கலையாமல் இருக்கும். யாரோடும் பேசுவார். "மதினி, மதினி" என்று என் ஓரகத்தியைக் கூப்பிடும்போது நாக்கில் கருப்பட்டியை வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி இருக்கும். என்னைப் "பெரிய மதினி" என்பார். பதிலுக்கு எனக்குத் தலையாட்டத்தான் வரும். முதன்முதலில் அந்த விளையாட்டே அவர் வீட்டிலிருந்துதான் என் ஓரகத்திக்கு வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் விளையாட்டுக்குள் ஒரு பலகை நட்டுவைத்தார்கள். இரண்டு பெண்கள் ஒரே கிணற்றடியில் நிற்கிற படம், கீழே இங்கிலீஷ். ஓரகத்தி அதைச் சம்பந்தியிடம் காட்டிப் படிக்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ரெண்டாம் பாகம் வருதாம். இனிமே தனித்தனி நெலம் கெடையாதாம். ரெண்டு பேரு சேந்து ஒரே நெலம், ஒரே வீடாம். அடுப்படிகூட ஒண்ணுதானாம்."

"எந்த ரெண்டு பேரு?"

"யாரு யாரச் சேத்துக்கிறாகளோ அவுகதான். பசுமலை மதினி, நம்ம ரெண்டு பேரும் சேந்து போடுவமான்னு என்னயக் கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. மொதல்ல வரட்டும், பாப்பம்னேன்."

வரட்டும் பார்ப்போம் என்று சொன்னாளே தவிர, எங்க அக்கா இருக்கா என்று சொல்லவில்லை பாருங்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல். ஒரே நிலம், ஒரே அடுப்படி, இரண்டே பேர். எங்கள் பழைய வீட்டைத்தான் யாரோ அந்த விளையாட்டில் திருப்பிக் கட்டித் தருகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் இன்னொருத்தர் வந்து அடுப்பு மூட்டுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டாம் பாகம் வருகிற நேரமும் புயல் வருகிற நேரமும் ஒன்றாக அமைந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் புயல் என்பது கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வருவது. நாங்கள் டிவியில் பார்த்து உச்சுக்கொட்டுவோம். இந்தத் தடவை டிவியில் போட்ட அம்புக்குறி கரையைத் தாண்டியும் நிற்கவில்லை. நேராக மதுரைக்கு மேலேயே வந்து குத்திக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, வெளியே வராதீர்கள், ஓட்டு வீடு, கூரை வீட்டில் இருப்பவர்கள் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அவள் வீடு ஓட்டு வீடு. பின்பக்கம் தகரம். அங்கே இருக்க முடியாது, எங்காவது வந்துதான் ஆக வேண்டும். இரண்டு மூன்று நாள் என் பக்கத்தில் இருப்பாள். புது விளையாட்டை இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து திறப்போம். திறக்கும்போது பக்கத்தில் இருப்பவளை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பவரையா கூட்டாளியாகச் சேர்ப்பாள்?

பசுமலையிலும் மாடி வீடு இருக்கிறதுதான். ஆனால் எங்கள் வழக்கத்தில் பையனைப் பெற்றவள், பெண் கொடுத்த வீட்டில் போய் ராத்தங்க மாட்டாள். நல்லது கெட்டதுக்குப் போனாலும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவாள். தங்கினால் மரியாதை இறங்கிப்போகும். அதனால் பசுமலையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

மகன் முருங்கைக் கிளையை வெட்டிப்போட்டுவிட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கி வந்தான்.

"சித்தி அங்கிட்டுத் தனியா இருக்குமேம்மா. வண்டிய எடுத்துட்டுப் போயிக் கூட்டியாரவா?"

"அவளுக்கு வரத் தெரியாதா? பஸ்ஸு ஓடுதுல்ல. வருவா."

"நீங்க ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்களேன்."

"இது அவ வீடுப்பா. அவ வீட்டுக்கு அவள நான் கூப்புடணுமா?"

அவனுக்கு இது புரியவில்லை. விருந்தாளியைத்தான் அழைப்பார்கள். பிறத்தியாருக்குத்தான் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வார்கள். ஒரே அடுப்பில் சமைத்தவளை வா என்று கூப்பிட்டால், நீ வேறு நான் வேறு என்று ஆகிவிடாதா?

கரண்டு போய்விடும் என்று தெருவே மாவு அரைக்க நின்றது. வீட்டில் கிரைண்டர் இருப்பவர்கள் வீட்டில் ஓட்டினார்கள், இல்லாதவர்கள் மில்லில் தூக்குவாளியோடு வரிசை கட்டினார்கள். ஓரகத்திக்குத் தோசையில் வெந்தயம் தூக்கலாக இருக்க வேண்டும். அவளுக்கும் சேர்த்து ஊறப்போட்டேன். மருமகள் குண்டானை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கத்தே இம்புட்டு? பந்தி வைக்கப் போறீகளா?"

"கெடக்கட்டும். மழ நாளைக்குப் பசிக்கும்."

"மழைக்கா பசிக்குது, உங்களுக்கா?"

என் போனில் இரண்டாம் பாகத்தை ஏற்றித் தரச் சொன்னேன். ஏற்றினாள். திறந்து காட்டப் போனாள். வேண்டாம், அப்படியே வை என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு முன்னால் ஓரகத்தியே போன் போட்டாள்.

"அக்கா, அங்க காத்தடிக்குதா?"

"இல்ல. மோடம் போட்டிருக்கு. அங்க?"

"இங்கயும் அப்பிடித்தான். ஓடு நாலஞ்சு நெகுந்து கெடக்கு. பக்கத்து வீட்டுல எல்லாரும் சமுதாயக் கூடத்துக்குக் கெளம்பிட்டாக."

"பாத்துக்க ஆத்தா."

"ஆமாக்கா." அவள் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. "மாவு அரைச்சுட்டியா?"

"அரைச்சுட்டேன். நெறையா."

"நெறையாவா? யாரும் வாராகளா?"

"யாரு வாரா. சும்மாதான்."

"அப்பச் சரி. வச்சுரவா?"

"வையி."

வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாவு நிறைய அரைத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகும் ஒருத்திக்குப் புரியாதா? வாசல் கதவைத் தாழ் போடாமல் சாத்திவைத்தேன். மேலூர் ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் மருமகள் போனைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அத்தே, சின்னத்தே பசுமலைல இருக்காக."

"யாரு சொன்னா?"

"ஸ்டேட்டஸ் போட்டிருக்காகளே அந்த டீச்சரம்மா. இந்தா பாருங்க."

பார்த்தேன். பெரிய சோபா. அதில் என் ஓரகத்தி காலை மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு, தட்டில் பஜ்ஜி. பக்கத்தில் பசுமலைக்காரர், தோளோடு தோள் ஒட்டி, மடிப்புக் கலையாத சேலையில். இரண்டு பேர் கையிலும் போன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "புயலும் நாங்களும்" என்று மருமகள் படித்தாள். கார் அனுப்பிக் கூட்டிவந்தார்களாம். கோழிகளையும் கூடையில் போட்டு எடுத்து வந்தார்களாம்.

கோழியையும் என்றதும் எனக்கு என்னவோ செய்தது. மழைக்கு இரண்டு நாள் ஒதுங்குகிறவள் கோழியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். கோழியோடு போனால் குடியேறினதாகத்தானே அர்த்தம்? பஜ்ஜி வாழைக்காயா வெங்காயமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த வேகத்தில்தான் இரண்டாம் பாகத்தைத் தனியாகவே திறந்தேன்.

என்ன சொல்ல. மாடு இல்லை. மாடு நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு டிராக்டர், தானாகவே உழுகிறது, தானாகவே தண்ணீர் விடுகிறது. நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. மண் மண் மாதிரி இல்லை, கேக் மாதிரி இருந்தது. ஒரு தடவை தொட்டால் இரண்டு விளம்பரம் வருகிறது. பழைய விளையாட்டில் மழை அதுபாட்டுக்கு வரும், செடியெல்லாம் தலை தூக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். இதில் மழை வேண்டுமென்றால் வைரம் கொடுத்து வாங்க வேண்டுமாம். வெளியே ஊரே மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது, நான் உள்ளே வைரம் இல்லாமல் மழைக்கு நிற்கிறேன். இரண்டு பேர் வீட்டைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தேன். பலகையில் போட்ட அந்தக் கிணற்றடிப் பெண்கள் முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதோடு சரி. உள்ளே இருப்பது குழு. எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், யாருக்கு முதலிடம் என்று போட்டி.

மருமகளைக் கூப்பிட்டு, அதில் ஓரகத்தி எங்கே இருக்கிறாள் என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். "பசுமலைத் தோட்டம்" என்று ஒரு குழு. தலைவர் டீச்சரம்மா. இரண்டாவது பெயர் என் ஓரகத்தி. அதன் பிறகு டீச்சரம்மாவோடு வேலை பார்த்தவர்கள், தெரிந்தவர்கள் என்று வரிசையாக.

"இந்தப் பட்டனை அமுக்குனா நீங்களும் சேரலாம் அத்தே. சேத்துக்கங்கன்னு அவுகளுக்குக் கேட்டுப் போகும். அவுக சரின்னதும் உள்ள போயிரலாம்."

"நான் கேக்கணுமா?"

"ஆமா. கேட்டாத்தான்."

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிறகு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து புயலுக்குக் காத்திருந்தோம். மகன் மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் ஒவ்வொரு அறையிலும் வைத்தான். மற்றவர்கள் எல்லாம் ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டியிருப்பார்கள். நான் வேண்டியது வேறு. யாருக்கும் சேதம் வேண்டாம் சாமி, பசுமலையில் மட்டும் கரண்டைப் பிடுங்கிவிடு. அந்த இரண்டு போனும் அணைந்துபோகட்டும். அவர்கள் மாடியில் தொட்டி மூடி ஒன்று பறந்தாலும் சரிதான். இப்படி வேண்டினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நினைத்தாலும் அதே வேண்டுதல்தான் வருகிறது.

புயல் வரவில்லை. கரையைக் கடக்கும்போதே வலுவிழந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது கொஞ்சம் காற்று, வாசல் தெளித்த அளவுக்குத் தூறல். கரண்டு ஒரு தடவை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மறுநாள் சுள்ளென்று வெயில். தெரு முழுக்க வெட்டிப்போட்ட முருங்கைக் கிளை. எல்லார் வீட்டிலும் குண்டான் குண்டானாக மாவு. காலையில் தோசை, மத்தியானம் ஊத்தப்பம், சாயங்காலம் பணியாரம். எதிர்வீட்டுக்காரம்மா எங்களுக்குக் கொடுக்க மாவு கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டு பதிலுக்கு நாங்களும் மாவே கொடுத்தோம். அவளுக்கென்று போட்ட வெந்தயம் எனக்குத் தொண்டையில் கசந்தது.

அன்றைக்கு ஓரகத்தி போன் போட்டாள். பசுமலையிலிருந்துதான்.

"அக்கா, ஆட்டத்தைப் பாத்தியா? மாட்டைக் காணமே."

"மாடு எதுக்கு? உனக்குத்தான் காரே வருதாமே."

"ஆமா, வந்துச்சு. அவுக கூப்புட்டாக, வந்தேன். நீ கூப்புட்டியா?"

"உன்னய எதுக்குடி கூப்புடணும்? நீ என்ன வேத்தாளா?"

"வேத்தாள்தான் போல. பைய எடுத்து வச்சுட்டு வாசல்ல உக்காந்து கெடக்கேன், மாவு அரைச்சேங்குற, யாரும் வரலேங்குற. அதுக்கு என்ன அர்த்தம்? வராதன்னுதான அர்த்தம்?"

"நீ வருவேன்னுதான நான் அரைச்சேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? காசா பணமா? நாந்தான் ரெண்டு தரம் கொக்கி போட்டேன்ல, ஓடு நெகுந்து கெடக்கு, ஊரே கெளம்பிருச்சுன்னு."

"பையனப் பெத்தவ பொண்ணு வீட்டுல போயித் தங்கலாமா?"

"ஓடு தலைல விழுந்து செத்தா மட்டும் மரியாதையாவா இருக்கும்?"

சோபா மெத்தென்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, உனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லவா என்றாள். இரண்டு பேரும் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் மிளகாய்க்கு அவள் தண்ணீர் விடவில்லை, அவள் சோளத்துக்கு நானும் விடவில்லை. பழைய விளையாட்டில் இரண்டு நிலமும் காய்ந்து கிடந்தன.

அப்புறம் ஒருநாள், புயலும் இல்லை மழையும் இல்லை, நல்ல வெயில் நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். கையில் பை. இரண்டு பஸ் மாறி வந்த முகம்.

"கூப்புடாமயே வந்துருக்கேன். உள்ள விடுவியா, இல்ல இப்பிடியே திரும்பவா?"

"வா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லும்போது, பிறத்தியாளை அழைப்பது மாதிரி எனக்கு நாக்கு கூசியது. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதற்கா இத்தனை காலம் என்று எனக்கு அதிலும் எரிச்சல்.

கட்டிலில் உட்கார்ந்து பழைய விளையாட்டைத்தான் திறந்தோம். இரண்டாம் பாகம் அவளுக்கும் பிடிக்கவில்லையாம். அதில் டீச்சரம்மா ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்து, முடிக்காவிட்டால் ஏன் என்று கேட்கிறாராம். "வகுப்புல உக்காந்த மாதிரி இருக்குக்கா" என்றாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. இன்னும் சொல்லு என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. பசுமலை.

"இங்க எங்க அக்கா வீட்டுல இருக்கேன் மதினி" என்றாள். எங்க அக்கா வீடு என்றதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. அதோடு வைத்திருக்கலாம். எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். அங்கே நின்று சிரிக்கிறாள், சிரிக்கிறாள், அப்படிச் சிரிக்கிறாள். என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறார் அந்தம்மா? என்னிடம் பேசி அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவள் செடி என் கையில் இருந்தது. தண்ணீர் விடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் விட்டேன்.

இதில் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்றெல்லாம் நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சரிபார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அன்றைக்குக் கார் வருவதற்கு முன்னாலேயே அவள் பையை எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தாளா, அல்லது கார் வருகிறது என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தாளா? அவள் தெருவில் எதிர்வீட்டில் ஒரு டீக்கடை இருக்கிறது. அவர்கள் பார்த்திருப்பார்கள். எனக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.